போர்க்கால உளவும் காதலும் கலந்த படம்: பெற்றோருடன் வீட்டில் அமர்ந்து பார்க்க எதைத் தேர்ந்தெடுப்பது?

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில், ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். என் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1971 போரின்போது கிழக்கு எல்லையில் பாலம் அமைக்கும் பணியில் இருந்தார். அம்மா கண்டோன்மென்ட் குடியிருப்புகளில் ஊர் ஊராக மாறி வாழ்ந்தவர் என்பதால் இந்தியை நன்றாகப் புரிந்துகொள்வார். ஆனால் ஆங்கில சப்டைட்டிலை அந்த வேகத்தில் படிக்க அவரால் இயலாது.

சனிக்கிழமை இரவுகளில் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்குவார்கள். சாப்பாடு முடிந்த பிறகு மூவரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. படைவீரர் என்பதால் அப்பாவுக்குப் போர்ப் படங்கள் பிடிக்கும் என்று நினைத்து, தொடக்கத்தில் அவற்றையே போட்டேன். குண்டுகள் வெடிக்கத் தொடங்கிய கால் மணி நேரத்தில் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். "அதெல்லாம் அப்படி இருக்காது கண்ணு" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டார். அம்மாவுக்கோ கதையில் ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் உண்மையாக நேசிக்க வேண்டும். அது இல்லையென்றால் படம் அவர் மனத்தில் ஒட்டாது.

ஆகவே போர்க்காலத்தில் நடக்கும், உளவும் காதலும் ஒன்றோடொன்று பின்னிய ஒரு படத்தைத் தேடுகிறேன். 2016-ல் வெளிவந்த 'அலைடு' படத்தைப் பற்றி அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அதைப் பெற்றோருடன் பார்க்கலாமா? அதைவிடப் பொருத்தமான வேறு படம் இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள். படத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், அது ஏன் பிடித்தது என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும். முடிவை மட்டும் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

---

மல்லேஸ்வரம் மாடிவீடு எழுதியது:

வணக்கம் சகோதரி. 'அலைடு' படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை திரையரங்கில், இரண்டு முறை வீட்டில். வீட்டில் பார்த்தபோதுதான் அது எனக்கு முழுமையாகப் பிடிபட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

1942-ல் மொராக்கோப் பாலைவனத்தில் பாராசூட்டில் வந்து இறங்கும் ஒருவனோடு படம் தொடங்குகிறது. அவன் கனடாவைச் சேர்ந்த உளவு அதிகாரி; பிராட் பிட் நடித்திருக்கிறார். காசாபிளாங்கா நகரில் அவனுக்காகக் காத்திருப்பவள் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு இயக்கத்தைச் சேர்ந்த பெண்; அவளாக நடித்திருப்பவர் மரியோன் கொத்தியார். இருவரும் கணவன் மனைவியாக நடித்து, ஜெர்மானியத் தூதரைக் கொல்ல வேண்டும் என்பது இட்ட பணி. அவன் பேசும் பிரெஞ்சில் கனடாவின் கியூபெக் மாகாண வாடை அடிக்கிறது. பாரிஸ்காரனாக நடிக்க வேண்டியவனுக்கு அதுவே ஆபத்து என்று அவள் முதல் நாளே கண்டுபிடித்துத் திருத்துகிறாள். அந்த ஊர் வழக்கப்படி கணவன்மார் மொட்டை மாடியில் போய்ப் படுப்பார்கள் என்றும், அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றும் சொல்லி, இரவில் அவனோடு மாடியில் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறாள். தன் உணர்வுகளைத் தான் உண்மையாகவே வைத்துக்கொள்வதாகவும், அதனால்தான் தன் நடிப்பு பலிக்கிறது என்றும் அவள் ஓரிடத்தில் சொல்கிறாள். படத்தின் மீதிப் பகுதி முழுவதும் அந்த ஒரு பேச்சின் மேல்தான் நிற்கிறது.

பிறகு கதை லண்டனுக்கு வருகிறது. ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஒரு வீடு, ஒரு கைக்குழந்தை. விமானத் தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது மருத்துவமனைக்கு வெளியே, திறந்த வெளியில், அந்தக் குழந்தை பிறக்கும் காட்சியை அம்மா மறக்க மாட்டார். அதற்கப்புறம் ஒருநாள் மேலதிகாரிகள் அவனை அழைத்து, உன் மனைவி ஜெர்மானிய உளவாளியாக இருக்கலாம் என்கிறார்கள். ஒரு பொய்ச் செய்தியைத் தொலைபேசியில் சொல்வார்கள். அதை அவன் எழுதி, அவள் கண்ணில் படும்படி வீட்டில் வைக்க வேண்டும். அந்தச் செய்தி எதிரியின் ஒயர்லெஸ்ஸில் போய்ச் சேர்ந்தால் அவள் குற்றவாளி. விடை வரும்வரை அவன் எதுவும் நடக்காதது போல அவளோடு வாழ வேண்டும்.

இதற்குப் பின் படத்தில் போர் என்பது அந்த வீட்டுக்குள் நடப்பதுதான். படுக்கைக்குப் பக்கத்தில் மணியடிக்கும் தொலைபேசி, தாளில் கிறுக்கிய நான்கு வரி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும் மனைவி, அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்க்கும் கணவன். திரையரங்கில் இவற்றைப் பெரிதாகப் பார்த்தபோது அழகான காட்சிகளாக மட்டுமே தெரிந்தன. நம் வீட்டுக் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து அறையில் மின்விசிறி ஓடும் சத்தத்தோடு பார்க்கும்போது, அந்த வீட்டின் அமைதி நம் வீட்டு அமைதியாக மாறிவிடுகிறது. உளவுக் காதல் படங்கள் வீட்டில் பார்ப்பதற்கென்றே பிறந்தவை என்று நான் நம்புகிறேன். அவற்றின் உண்மையான களம் எப்போதும் ஒரு வீடுதான்.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். மனைவி குற்றவாளி என்று தெரிந்தால் கணவனே தன் கையால் அவளைச் சுட வேண்டும் என்ற நிபந்தனை, கதையை இறுக்குவதற்காக வைத்தது என்றே எனக்குப் படுகிறது. நடுப்பகுதியில் சற்றுத் தொய்வும் உண்டு. பெற்றோருடன் பார்ப்பதானால் ஓர் எச்சரிக்கை: காசாபிளாங்காப் பகுதியில், மணற்புயலுக்கு நடுவே காருக்குள் நடக்கும் காட்சியொன்று நெருக்கமானது. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு உட்காருங்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும் படம்.

---

ஜாலஹள்ளி ஒயர்லெஸ் எழுதியது:

மகளே, உன் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பாரத் எலக்ட்ரானிக்ஸில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இராணுவ ஒயர்லெஸ் கருவிகளோடு வேலை பார்த்தவன். உன் அப்பா போன்றவர்கள் எல்லையில் தோளில் சுமந்த கருவிகளில் சிலவற்றை நாங்கள் இங்கே மேசையில் வைத்துச் சோதித்திருப்போம். அதனால் அவருக்கு என் வணக்கத்தை முதலில் தெரிவித்துவிடு.

மேலே நண்பர் 'அலைடு' பற்றி நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் வெளியே தேடுவதற்கு முன்னால் நம் மொழியில் இருப்பதைப் பார்த்துவிட வேண்டாமா? ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954-ல் வெளிவந்தது. நான் வேலை பார்த்த நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டுதான். 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசியது வரலாற்றில் நடந்தது. அந்த நாட்களில்தான் கதை நடக்கிறது. வானொலிப் பொறியாளர் ஒருவர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். சிவாஜி கணேசன் அந்தப் பாத்திரம். கொன்றவர் யார் என்று விசாரிக்க வரும் துப்பறியும் அதிகாரியாக ஜாவர் சீதாராமன் நடித்திருக்கிறார், திரைக்கதையும் அவருடையதுதான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் இறந்தவரைப் பற்றி ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வதைக் கேட்கும்போது அவர் நல்லவராகத் தெரிவார், அடுத்தவர் சொல்லும்போது அதே மனிதர் வேறாகிவிடுவார். உளவு இந்தக் கதையில் எங்கே இருக்கிறது என்பதை நான் சொல்லிவிட்டால் பாதிச் சுவை போய்விடும். ஆகையால் சொல்லவில்லை.

நீ காதல் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். பண்டரிபாய் நடித்த உஷா என்ற மனைவியின் பாத்திரத்தில்தான் அது இருக்கிறது. கல்லூரி நாட்களில் பழகி, விரும்பி மணந்துகொண்ட மனைவி அவள். நாட்டின் மேல் அவளுக்குள்ள பற்றும் கணவன் மேல் உள்ள அன்பும் ஒன்றுக்கொன்று எதிராக வந்து நிற்கும்போது அவர் முகத்தில் தெரியும் கலக்கத்தைக் கவனித்துப் பார். குரலை அவர் அதிகம் உயர்த்துவதே இல்லை. அதே 1954-ல்தான் இந்த ஊரார் தலையில் வைத்துக் கொண்டாடும் கன்னட நடிகர் ராஜ்குமாரின் முதல் கதாநாயகப் படமும் வந்தது. அதிலும் நாயகி பண்டரிபாய்தான். பெங்களூருத் தமிழர்களாகிய நமக்கு அவர் இரண்டு பக்கத்துக்கும் உறவினர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டே இல்லாமல் எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படம் இது. இயக்கியவரோ வீணை வித்துவான்! அத்தனை சங்கீதம் கையில் இருந்த மனிதர், இந்தக் கதைக்குப் பாட்டு தேவையில்லை என்று முடிவு செய்திருக்கிறார். அதனால் கடிகாரத்தின் ஓசையும் காலடி ஓசையும் கதவு திறக்கும் ஓசையும் தனியாகக் காதில் விழுகின்றன. டிவியின் ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துப் பார்.

இந்தக் கதை என்னை இவ்வளவு தொடுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்த பிறகு, சென்னையிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். என் அம்மா அப்போது சிறுமி. மயிலாப்பூர் வீட்டைப் பூட்டி, அரிசி மூட்டையையும் பித்தளைக் குடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பெங்களூரில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசி வரை அவர் அதை "எவாக்குவேஷன்" என்றுதான் சொல்வார். அந்த ஆங்கிலச் சொல் மட்டும் எப்படியோ அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. 'அந்த நாள்' தொடங்கும்போது அந்தச் சொல்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

உளவுப் படங்களில் ஒயர்லெஸ் காட்சி வந்தால் கவனிக்க ஒரு குறிப்புத் தருகிறேன். எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸ் குறியீட்டைத் தட்டுவது ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப் போன்றது. புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் விடும் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். பழகிய காதுக்குப் பெயர் சொல்லாமலே தட்டுவது யார் என்று தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் பெட்டிக்குள் அடக்கி எடுத்துச் சென்ற உளவு ஒயர்லெஸ் கருவியே சுமார் 15 கிலோ இருந்தது. ஏரியல் கம்பியை நீளமாகக் கட்ட வேண்டும். ஒரே இடத்திலிருந்து நெடுநேரம் அனுப்பினால், அலை வரும் திசையைக் கண்டுபிடிக்கும் எதிரியின் வண்டி தெருமுனைக்கு வந்துவிடும்.

இதையெல்லாம் உண்மையில் செய்த பெண் ஒருவருக்கு நம் ஊரோடு தொடர்பு உண்டு. நூர் இனாயத் கான், திப்பு சுல்தானின் வழி வந்தவர். 1914-ல் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை பரோடாவைச் சேர்ந்த இசைக்கலைஞர். 1943 ஜூனில் பிரிட்டன் அவரைப் பாரிசுக்கு ஒயர்லெஸ் இயக்க அனுப்பியது. போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே உடன் பணியாற்றிய பலர் பிடிபட்டார்கள். திரும்பி வந்துவிடலாம் என்ற நிலையிலும் அவர் மறுத்து, வீடு வீடாக மாறி, செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். 1943 அக்டோபரில் பிடிபட்டார், அதாவது சென்னையில் குண்டு விழுந்த அதே மாதத்தில். 1944 செப்டம்பர் 13 அன்று நாஜிகளின் டாகாவ் வதைமுகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1949-ல் பிரிட்டனின் வீர விருதான ஜார்ஜ் கிராஸ் அளிக்கப்பட்டது. கே.ஆர். மார்க்கெட் அருகில், கோட்டை வேங்கடரமண சுவாமி கோயிலை ஒட்டி நிற்கும் திப்புவின் மர அரண்மனையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

---

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

ஐயா, உங்கள் பதிலை அப்பாவுக்குத் தொலைபேசியில் முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். கருவியைத் தோளில் சுமந்தது பற்றிய வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். 'அந்த நாள்' படத்தைச் சிறுவயதில் டூரிங் கொட்டகையில் பார்த்ததாகவும், யார் சுட்டது என்பது மறந்துவிட்டதாகவும் சொல்கிறார். அப்படியானால் அதையே முதலில் பார்க்கிறோம். அதற்கு அடுத்த நாள் இந்தியில் ஏதாவது பார்க்கலாம் என்று அம்மா விரும்புகிறார். 2018-ல் வந்த 'ராஸி' பொருந்துமா? 1971 பற்றிய படம் என்பதால் அப்பா மறுபடியும் பால்கனிக்குப் போய்விடுவாரோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது.

---

ஃபிரேசர் டவுன் வாசகி எழுதியது:

தயங்க வேண்டாம், 'ராஸி' படத்தைத் தாராளமாகப் போடுங்கள். மேக்னா குல்சார் இயக்கியது. ஹரிந்தர் சிக்காவின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. டெல்லியில் படித்துக்கொண்டிருக்கும் காஷ்மீரத்துப் பெண் ஒருத்தியைப் பாகிஸ்தான் இராணுவ அதிகாரிக்குத் திருமணம் செய்து அனுப்புகிறார் அவள் தந்தை, அங்கிருந்து செய்தி அனுப்புவதற்காக. போர்க்களம் படத்தில் அநேகமாக வருவதே இல்லை. புகுந்த வீட்டின் சமையலறை, மாமனாரின் அலமாரி, குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் இவைதான் களம். மல்லேஸ்வரத்து நண்பர் சொன்ன கருத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. அந்தக் கணவனாக நடித்த விக்கி கௌஷலை வெறுக்கவே முடியாது. புது மனைவிக்கு வேற்று வீட்டில் கூச்சமாக இருக்கும் என்று தெரிந்து, அவளுக்கு வேண்டிய காலத்தையும் இடத்தையும் கொடுக்கும் மனிதன் அவன். நாயகி ஆலியா பட்டின் அம்மாவாக நடித்திருப்பவர் அவருடைய சொந்த அம்மாவான சோனி ராஸ்தான் என்பதை உங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள். பிரிவுக் காட்சி அதனால் இன்னும் கனக்கும்.

அதில் ஒரு பாட்டு உண்டு. அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாட்டுப்பற்றுப் பாட்டு. எந்த நாட்டின் பெயரும் அதில் வராது. அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு நாட்டை நினைத்துக் கைதட்டுகிறார்கள், உடன் பாடுகிறவள் இன்னொரு நாட்டை நினைத்துக் கண் கலங்குகிறாள். இரண்டு கண்ணீரும் உண்மைதான் என்று நம்ப வைத்ததுதான் அந்தப் படத்தின் வெற்றி.

ஆனால் 'அலைடு' விஷயத்தில் நான் நண்பரோடு உடன்பட மாட்டேன். உடைகளும் விளக்குகளும் அழகு, மறுக்கவில்லை. உடையலங்காரத்துக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. ஆனால் அந்த இருவர் நடுவில் எனக்குச் சூடு தெரியவில்லை. ஆங்கிலப் படம்தான் வேண்டும் என்றால், 1946-ல் ஹிட்ச்காக் இயக்கிய 'நொட்டோரியஸ்' படத்துக்குப் போங்கள். போர் முடிந்த மறு ஆண்டு நடக்கும் கதை என்பதால் போர்க்காலப் படம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். போர் முடிந்தும் அதன் நஞ்சு ஒரு வீட்டுக்குள் ஒளிந்திருப்பதுதான் அதன் கதை என்பதால் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

நாஜி உளவாளி என்று தண்டிக்கப்பட்டவரின் மகளாக இங்கிரிட் பெர்க்மன். அவளை நேசித்துக்கொண்டே, ரியோ டி ஜெனீரோவில் பதுங்கியிருக்கும் நாஜி ஒருவனின் வீட்டுக்குள் அனுப்பும் அமெரிக்க அதிகாரியாகக் கேரி கிராண்ட். போகாதே என்று அவன் ஒரு சொல் சொல்லமாட்டானா என்று அவள் காத்திருக்கிறாள். போகமாட்டேன் என்று அவள் சொல்லமாட்டாளா என்று அவன் காத்திருக்கிறான். இருவரும் வாய் திறக்காததால், அவள் அந்த நாஜியைத் திருமணம் செய்துகொண்டு அந்த வீட்டுக்கு மருமகளாகவே போய்விடுகிறாள்.

அந்த வீட்டின் சாவிக்கொத்து மாமியாரிடம் இருக்கிறது! நம் பாட்டிமார் இடுப்பில் செருகி வைத்திருந்தார்களே, அதே அதிகாரம் அந்தக் கொத்துக்கு இருக்கிறது. மருமகள் அலமாரிகளைத் திறக்கச் சாவி கேட்டதும், மகன் தாயின் அறைக்குள் போய் வாதாடி வாங்கி வருகிறான். ஆனால் ஒயின் நிலவறையின் சாவி மட்டும் கணவனிடமே தங்கிவிடுகிறது. பெரிய விருந்து நடக்கும் இரவில், மேல்மாடத்து உயரத்திலிருந்து முழுக் கூடத்தையும் காட்டும் கேமரா மெல்ல மெல்லக் கீழே இறங்கி, அவள் இறுக மூடிய கைக்குள் இருக்கும் அந்தச் சிறு சாவியில் போய் நிற்கும். வெட்டே கிடையாது. அதே நேரத்தில் விருந்தில் ஷாம்பெயின் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. தீர்ந்துபோனால் வேலையாள் நிலவறைக்கு வந்துவிடுவான். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஐஸ் தொட்டியில் எத்தனை பாட்டில் மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருப்பதிலேயே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

முத்தத்துக்குக் கூட வினாடிக் கணக்குப் பார்த்த காலத்தில் எடுத்த படம் என்பதால் பெற்றோருடன் பார்க்க எந்தத் தடையும் இல்லை. அங் லீ இயக்கிய 'லஸ்ட், காஷன்' படத்தையும் யாராவது பரிந்துரைப்பார்கள். ஜப்பானிய ஆக்கிரமிப்பில் இருந்த ஷாங்காயில் நடக்கும் கதை. 2007-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்றது. மிக நல்ல படம். ஆனால் அதைத் தனியாகப் பாருங்கள், பெற்றோருடன் வேண்டவே வேண்டாம்.

---

மல்லேஸ்வரம் மாடிவீடு எழுதியது:

சாவிக்கொத்து பற்றி எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு நிகரான காட்சி 'அலைடு' படத்தில் இல்லை. ஆனால் சூடு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சந்தேகம் வந்த பிறகு அவன் முகம் கல்லாக இறுகிவிடுவது நடிப்பின் குறை என்று பலர் எழுதினார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. மனைவியின் கையிலிருந்து குழந்தையை வாங்கும்போது கூட முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று ஒருவன் பாடுபட்டால், அவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

ஏரிக்கரைச் சகோதரிக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது அடிக்கடி மாறிவிடும். ஆகையால் சனிக்கிழமை மாலையே தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'அந்த நாள்' படத்துக்குப் பல பிரதிகள் உலவுகின்றன. இரண்டு மூன்றின் முதல் ஐந்து நிமிடங்களை ஓடவிட்டு, ஒலி தெளிவாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஒயர்லெஸ் ஐயா சொன்னது போல, அந்தப் படத்தில் ஒலி போய்விட்டால் பாதிப் படம் போய்விடும்.

---

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த வார இறுதியில் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டோம். நடந்ததை எழுதாமல் விட்டால் உங்களுக்குக் கடன்பட்டவளாகிவிடுவேன்.

சனிக்கிழமை இரவு விடாமல் மழை தூறிக்கொண்டிருந்தது. சன்னல்களைச் சாத்தி, கூடத்து விளக்கை அணைத்துவிட்டு 'அந்த நாள்' படத்தைப் போட்டேன். முதல் துப்பாக்கிச் சத்தத்துக்கு அப்பா அசையவில்லை. ஒவ்வொருவர் வாக்குமூலமும் முடியும்போது அம்மா ஒரு பெயரைச் சொல்வார், அப்பா இன்னொரு பெயரைச் சொல்வார். முடிவில் அம்மா சொன்னதே சரியாக இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அப்பா கேட்டார். பண்டரிபாய் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்த விதத்தை வைத்துத்தான் என்றார் அம்மா. நான் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். விரல்கள் அந்தத் துணியை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தன.

ஞாயிறு பிற்பகல் 'ராஸி'. நான் பயந்தபடி அப்பா எழுந்து போகவில்லை. அந்தப் பெண் முதன்முறையாகச் செய்தி அனுப்பும் காட்சியில் இருக்கையின் முனைக்கு நகர்ந்து உட்கார்ந்தார். படம் முடிந்ததும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். 1971-ல் எல்லையிலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினால், எந்த ஊரில் இருக்கிறோம் என்று எழுதக் கூடாதாம். படைப்பிரிவின் பெயரும் ஏ.பி.ஓ. என்னும் இராணுவ அஞ்சலக முகவரியும் மட்டும்தான் இருக்கும். மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல், வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் ஆயா, ஒவ்வொரு கடிதத்தையும் தபால்காரரிடம் கொடுத்து, முத்திரையில் ஊர்ப் பெயர் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கச் சொல்வார்களாம். இத்தனை ஆண்டுகளில் அப்பா இதை எங்களிடம் சொன்னதே இல்லை.

அம்மா எதுவும் பேசாமல் தன் பையைத் திறந்து, பணம் வைக்கும் சிறு உறைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஓர் இன்லண்டு கடிதத்தை எடுத்தார். ஆயா இறந்தபோது அவருடைய தகரப் பெட்டியில் கிடைத்ததாம். அப்பாவுக்கே தெரியாமல் இவ்வளவு காலம் வைத்திருந்திருக்கிறார். அதில் மொத்தம் ஆறு வரிதான். தான் நலம், இங்கே மழை அதிகம், கிணற்றுப் பக்கத்து மாமரம் காய்த்ததா என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அப்பா அதை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். மழை அதிகம் என்று எழுதிய வரியைக் காட்டி, ஆற்றங்கரையில் இருக்கிறோம் என்பதைத் தன் அம்மாவுக்குத் தெரிவிக்க அப்படித்தான் எழுத முடிந்தது என்றார்.

அடுத்த சனிக்கிழமை 'நொட்டோரியஸ்' பார்க்கிறோம். சாவிக்கொத்துக் காட்சி பற்றி அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். சப்டைட்டில் வரும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொல்வதாக ஏற்பாடு.